குடும்ப வழக்கும் இரு மத்தியஸ்தர்களும்

கடை, சரக்கு, கடன், ஜகாத்து என்று தொழிலை ஒட்டிய பாடங்களைப் படிக்க நம்மவர் சலிப்பதில்லை. வீட்டை ஒட்டிய சட்டம் என்றால் மட்டும், அது நமக்கெதற்கு, நம் வீடு நன்றாகத்தானே இருக்கிறது என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். தகராறு வந்த பின் படிக்க உட்கார்ந்தால் அது படிப்பாக இராது. தனக்குச் சாதகமான வரியைத் தேடும் வேலையாகத்தான் முடியும். ஆகவே, புருஷன் மனைவி சச்சரவு முற்றும்போது கோர்ட்டுப் படி ஏறுமுன் என்னென்ன வழிகள் உண்டு, அவை எங்கே பயன்படும், எங்கே பயன்படா என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டு வியாபாரிகளுக்குள் சரக்கில் குறை என்றோ, பாக்கி வரவில்லை என்றோ மனஸ்தாபம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? இருவருக்கும் பொதுவான, கடைத்தெருவில் நல்ல பெயருள்ள மூன்றாம் மனிதர் ஒருவரிடம் பேரேட்டை எடுத்துக்கொண்டு போகிறோம். அவர் இரண்டு பக்கத்துக் கணக்கையும் பார்க்கிறார், தேநீர் வரவழைக்கிறார், ஒரு தொகையைச் சொல்லுகிறார். வக்கீல் நோட்டீசு என்பது கடைசிப் பேச்சு. அதே மனிதர் தம் வீட்டில் சச்சரவு வந்தால் பேரேட்டையும் திறப்பதில்லை, மூன்றாம் மனிதரையும் அழைப்பதில்லை. ஒன்று, வாயில் தலாக் வந்துவிடுகிறது. இல்லையேல் பெண்வீட்டார் நேரே வக்கீலிடம் போய் நிற்கிறார்கள். நூறு மூட்டை வெங்காயத்துக்குக் காட்டும் பொறுமையை இருபது வருஷக் குடித்தனத்துக்குக் காட்டாதது விந்தைதான்.

இவ்விஷயத்துக்கு மூலம் திருக்குர்ஆனின் 4ஆவது அத்தியாயமாகிய சூரத்துன் நிஸாவின் 35ஆவது வசனம். தம்பதிகளுக்குள் பிளவு வருமென்று பயந்தால், புருஷனுடைய குடும்பத்திலிருந்து ஒருவர், மனைவியுடைய குடும்பத்திலிருந்து ஒருவர் என இரண்டு மத்தியஸ்தர்களை நியமிக்க வேண்டுமென்பதும், சீர்திருத்தும் எண்ணம் இருந்தால் இறைவன் இணக்கத்துக்கு வழி செய்வான் என்பதும் அதன் கருத்து. அரபியில் இம்மத்தியஸ்தருக்கு ஹக்கம் என்று பெயர். மலாய்க்காரரும் அப்படியே சொல்லுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியச் சட்டங்களிலும் அந்தப் பெயரே இருக்கிறது.

இந்த வசனத்தை நம் பள்ளிகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியாமல் விட்டுவிடுகிறோம். பிளவு வந்த பிறகு என்று சொல்லவில்லை. வருமென்று அஞ்சும்போதே என்பதுதான் காலம். தலாக் சொல்லி, பெட்டி கட்டி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஜமாஅத்துக்கு ஆள் அனுப்புவது இந்த வசனத்தின்படி நடப்பதாகாது. இரண்டாவது, ஒருவரல்ல, இருவர். ஜமாஅத் தலைவர் ஒருவரே இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுவது வேறு. அவளுக்காகப் பேச அவளுடைய மனிதர் ஒருவர் சரிசமமாய் உட்காருவது வேறு. மூன்றாவது, குடும்பத்திலிருந்து என்பது. வீட்டு ரகசியம் வெளியே போகாமல் காக்க வேண்டிய வெட்கம் இரத்த உறவுக்குத்தான் அதிகம். அன்றியும், அவனுடைய முன்கோபம் சின்ன வயதிலிருந்தே உள்ளதா, இப்போது கடன் நெருக்கடியில் வந்ததா என்பது அவன் சாச்சாவுக்குத் தெரியும், வக்கீலுக்குத் தெரியாது.

அந்த ஹக்கமாக யாரை வைப்பது என்பதில்தான் பெரும்பாலான பஞ்சாயத்துகள் கெட்டுப்போகின்றன. குரல் பெரிதாயுள்ளவரை வைக்கிறார்கள். புருஷனுக்குக் கடன் கொடுத்தவரை, அல்லது அவன் கடையில் பாகஸ்தராயுள்ளவரைப் பெண்ணுக்கு மத்தியஸ்தராக உட்கார வைத்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர் எப்படி வாய் திறப்பார்? பெண்ணுக்கு இங்கே ஆண் உறவினர் இல்லாவிட்டால், அவளுடைய நம்பிக்கைக்குரிய, புருஷனிடம் கொடுக்கல் வாங்கல் இல்லாத ஒருவரை அவளே சொல்லட்டும். உறவினரை வைப்பது சிறப்பேயன்றி, உறவினர் கிடைக்காவிட்டால் பிறரையும் வைக்கலாமென்றே சட்ட அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஹக்கமுக்கு அதிகாரம் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மில் கடற்கரை ஊர்க்காரர் பெரும்பாலும் ஷாபிஈ, ராவுத்தர்மார் பெரும்பாலும் ஹனபி. இவ்விரு மத்ஹபுகளின் பிரபலமான சொல்லின்படி ஹக்கம் என்பவர் தம்பதிகளின் பிரதிநிதி. புருஷன் அதிகாரம் கொடுத்தாலன்றி அவர் தலாக் சொல்ல இயலாது. மனைவி ஒப்பினாலன்றி அவளுடைய மஹரை விட்டுக்கொடுக்க இயலாது. மாலிக்கீ மத்ஹபிலோ ஹக்கம் நீதிபதி போன்றவர். பிரிப்பதே சரி என்று இருவரும் கண்டால் பிரிக்கலாம். சிங்கப்பூர்ச் சட்டம் இரண்டையும் பின்னியிருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இனி இந்த நாட்டுச் சரித்திரத்தில் கொஞ்சம். சிங்கப்பூரில் முஸ்லிம்களின் திருமணத்தையும் விவாகரத்தையும் பதிய 1880ஆம் வருஷத்துச் சட்டம் வழி செய்தது. பதிகிறவர் காதி. புருஷன் வந்து தலாக் சொன்னேன் என்றால் எழுதிக்கொள்ளுவார். அந்தப் பெண்ணின் இத்தாச் செலவு என்னவாயிற்று, பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது என்று விசாரித்துக் கட்டளையிட அவருக்குப் பலமில்லை. 1950களில் நூறு திருமணம் பதிவானால் ஏறக்குறைய ஐம்பது விவாகரத்தும் பதிவான காலம் ஒன்று இங்கே இருந்தது. பிறகு 1957இல் முஸ்லிம்கள் சட்டம் வந்து, 1958இல் ஷரீஅத் கோர்ட்டு ஏற்பட்டது. இருவரும் மனமொப்பிய விவாகரத்தை மட்டுமே காதி பதியலாம், மற்றதெல்லாம் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றானது. 1960களில் விவாகரத்து வேகமாகக் குறைந்தது. ஒருவன் கோபத்தோடு போய் ஐந்து நிமிஷத்தில் பதிந்துகொண்டு வரமுடியாமற் போனதும், இடையில் ஒரு மனிதர் உட்கார்ந்து, என்னப்பா விஷயம் என்று கேட்டதும் அதற்குப் பெரிய காரணங்கள் என்பது நம் எண்ணம். இப்போது அமுலிலுள்ள முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் 1966இல் நிறைவேறி 1968இல் அமுலுக்கு வந்தது.

ஆகவே கோர்ட்டு என்றதும் கூண்டும் குறுக்கு விசாரணையும் என்று பயப்படுவது சரியல்ல. இங்கே ஷரீஅத் கோர்ட்டின் வாசலிலேயே கோர்ட்டுக்கு மாற்றான வழி வைக்கப்பட்டிருக்கிறது. விவாகரத்து வேண்டுமென்று பதிந்துகொள்ளுகிறவரை முதலில் திருமண ஆலோசனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே பேசிப் பார்த்து, சேர்ந்து வாழ்கிறோம் என்று திரும்பிவிடுகிறவர் உண்டு. திரும்பாதவர் வழக்குப் பத்திரம் தாக்கல் செய்த பிறகும் நேரே நீதிபதி முன் போவதில்லை. கோர்ட்டு அதிகாரி முன்பாகச் சமரசப் பேச்சு நடக்கிறது. தலாக் வேண்டுமா வேண்டாமா என்பதோடு, பிள்ளைகள் யாரிடம், வீடு யாருக்கு, இத்தாக் காலத்து நபகா எவ்வளவு, ஆறுதல் பொருளாகிய முத்ஆ எவ்வளவு என்பதையெல்லாம் அங்கே தீர்த்துக்கொள்ளலாம். அங்கே ஒப்பந்தமானதைக் கோர்ட்டு கட்டளையாக எழுதிவிடும். ஒப்பாத விஷயம் மட்டும் விசாரணைக்குப் போகும்.

அதிலும் தீராமல் நின்றால் சட்டத்தின் 50ஆவது பிரிவு ஹக்கமை நியமிக்க இடங்கொடுக்கிறது. புருஷனுக்கு ஒருவர், மனைவிக்கு ஒருவர். கூடியவரை விஷயம் தெரிந்த நெருங்கிய உறவினருக்கு முதலிடம். ஹக்கம் தம்மை நியமித்தவரிடம் முழு அதிகாரம் பெற முயல வேண்டும். அதிகாரம் கிடைத்தால் விவாகரத்தையும் சொல்லிக் கோர்ட்டுக்கு அறிவிக்கலாம். பிரிப்பதுதான் சரி என்று கண்டும் அதிகாரம் கிடைக்காமற் போனால், கோர்ட்டு வேறு ஹக்கம்களை நியமித்துப் பிரிக்கும் அதிகாரத்தை அவர்களுக்கே கொடுக்கும். ஷாபிஈயில் தொடங்கி மாலிக்கீயில் முடிகிறதென்று ஒரு ஆலிம்சா இதை நமக்கு விளக்கினார். பெண்ணை விடவுமில்லை, வைத்து வாழவுமில்லை என்று வருஷக்கணக்காகத் தொங்கவிடுகிறவனுக்கு இந்த இரண்டாவது ஹக்கம்தான் பதில்.

ஜொகூர்ப் பாலத்துக்கு அப்புறம் இதே காரியம் சுல்ஹு என்ற பெயரில் நடக்கிறது. சுல்ஹு என்றால் சமாதானம்; சூரத்துன் நிஸாவின் 128ஆவது வசனத்தில் தம்பதிகளின் சமாதானத்தை மேலானதாகச் சொல்லும் இடத்திலிருந்து வந்த சொல். சிலாங்கூரில் 2002இலேயே ஷரீஅத் கோர்ட்டில் சுல்ஹு சபை தொடங்கிற்று. கூட்டரசுப் பிரதேசத்துக்கு 2004இல் விதிகள் வந்தன. ஜீவனாம்சம், முத்ஆ, பிள்ளை வளர்ப்பு, தேடிய சொத்து ஆகியவற்றைச் சுல்ஹு அதிகாரி இரு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுவார். பேசியது வெளியே போகாது; ஒப்பியது கோர்ட்டுக் கட்டளையாகும். கூட்டரசுப் பிரதேசத்தின் 1984ஆம் வருஷ இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில், ஒருவர் விவாகரத்துக்கு ஒப்பாவிட்டால் சமரசக் குழு அமைத்து ஆறு மாதத்துக்குள் சேர்த்துவைக்க முயல வேண்டுமென்றும் இருக்கிறது. அதே சட்டத்தில் கோர்ட்டு அனுமதியின்றி வெளியே தலாக் சொன்னவனுக்கு ஆயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கோலாலம்பூரில் கிளைக்கடை வைத்திருக்கும் நம்மவர் இதை மனத்தில் வைக்கட்டும்.

இனி, வியாபாரிகளாகிய நமக்கே உரிய ஒரு விஷயத்துக்கு வருகிறோம். நம் வீடுகளில் சண்டை மாமியாரைப் பற்றி, சமையலைப் பற்றி, ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி என்று கிளம்பும். நோண்டிப் பார்த்தால் அடியில் நகை இருக்கும்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்தது. மளிகைச் சரக்கு வியாபாரம். இரு பக்கத்திலும் ஒவ்வொருவர் உட்கார்ந்து மூன்று தடவை பேசினார்கள். முதல் தடவை முழுதும் மாமியார் விஷயம். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை பெண்ணின் மாமு, "ஏம்மா, உன் கழுத்தில் கிடந்ததெல்லாம் எங்கே?" என்று கேட்டதும் அந்தப் பெண் அழுதுவிட்டாள். கடை தொடங்கிய வருஷம் அவளுடைய நகையில் பாதி சரக்காக மாறிவிட்டது. புருஷன் கேட்டதற்கு அவன் சொன்ன பதில், சந்தோஷமாய்த்தானே கழற்றிக் கொடுத்தாள் என்பது. அவள் சொன்னது, கடை நிமிர்ந்ததும் செய்து தருகிறேன் என்றீர்களே என்பது. கடை நிமிர்ந்து பத்து வருஷமாயிற்று. அவர் தம்பிக்குக் கல்யாணமும் ஆயிற்று, தம்பி மனைவிக்கு நகையும் வந்தது. இதைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படி மாமியாரோடு முகம் கொடுத்துப் பேசுவாள்? மத்தியஸ்தர் இருவரும் கடைக்காரர்களாக இருந்தது நல்லதாயிற்று. பழைய கொள்முதல் நோட்டை எடுக்கச் சொன்னார்கள். நகைக்கடை ரசீது அதற்குள்ளேயே மடித்து இருந்தது. எடையை எடுத்துக்கொண்டு, விலையை அல்ல, பதினெட்டு மாதத் தவணையில் திருப்பிச் செய்து போடுவதென்று எழுதினார்கள். அவர்கள் இன்றும் சேர்ந்துதான் இருக்கிறார்கள்.

பணத்தை அல்லாமல் எடையை எழுதியது ஏன் என்று நம் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தங்கம் விற்கும் விலை எல்லோருக்கும் தெரியும். மார்க்கத்தின் சட்டமும் இதில் தெளிவானது. பெண்ணின் பொருள் பெண்ணுக்கே. சூரத்துன் நிஸாவின் 4ஆவது வசனம் மஹரைக் கொடுத்துவிடச் சொல்லி, அவர்களே மனமுவந்து விட்டுக்கொடுத்தால்தான் அனுபவிக்கலாமென்கிறது. மனமுவந்ததா, மறுக்க முடியாமல் கொடுத்ததா என்று சந்தேகமானால் கடன் என்றே வைத்துத் தீர்ப்பது பேணுதல். மாப்பிள்ளை வீட்டார் வாங்கிய கைக்கூலியோ மஹருக்கு நேர் எதிரிடை. அதை மஹரோடு கழித்துக் கணக்குத் தீர்ந்தது என்று சொல்லும் பஞ்சாயத்தார் எந்தக் கிதாபைப் பார்த்தார்களோ தெரியவில்லை.

சேர்த்துவைக்க முடியாமல் பிரிவுதான் என்று ஆனாலும் கடையின் பேரேட்டைத் திறந்தே ஆகவேண்டும். சிங்கப்பூர்ச் சட்டத்தின் 52ஆவது பிரிவில், குடித்தன காலத்தில் தேடிய சொத்தைப் பங்கிடும்போது கோர்ட்டு கவனிக்க வேண்டியவை சொல்லப்பட்டிருக்கின்றன. ரொக்கம் போட்டது மட்டுமல்ல, வீட்டைப் பார்த்ததும் பிள்ளைகளை வளர்த்ததும் கணக்கில் வரும்; ஒருவர் மற்றவருடைய தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ துணையாயிருந்ததும் கணக்கில் வரும். காலையில் கடைப் பையன்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவள், பெருநாள் கூட்டத்தில் கல்லாவில் உட்கார்ந்தவள், ராத்திரி சில்லறை எண்ணிக் கட்டியவள், சம்பளம் வாங்காவிட்டாலும் கடைக்குத் துணை நின்றவள்தான். "கடை என் பெயரில் இருக்கிறது" என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு சமரசத்துக்கு வருகிறவர் வெறுங்கையோடு வந்ததாகவே கொள்ள வேண்டும். ஐந்தொகையை மறைத்துப் பேசி வாங்கின ராஜிக்குக் காலும் இல்லை. உண்மை வெளிவந்த அன்று மீண்டும் வழக்குதான்.

அடுத்தது எழுத்து. திருக்குர்ஆனில் எல்லாவற்றிலும் நீளமான வசனம் கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. சூரத்துல் பகராவின் 282. நாம் அதை உத்தராவும் கைச்சீட்டும் என்று கடையில் நிறைவேற்றுகிறோம். வீட்டுச் சமாதானத்தை மட்டும் வாய்ப்பேச்சாக முடித்துப் பாத்திஹா ஓதிக் கலைகிறோம். ஆறு மாதம் கழித்து அவன் ஒன்று சொல்லுகிறான், அவள் ஒன்று சொல்லுகிறாள், மத்தியஸ்தரோ ஊருக்குப் போயிருக்கிறார்.

எழுதுவதிலும் இரண்டு வகை. சேர்ந்து வாழ்வதென்று முடிந்தால் மத்தியஸ்தர் கையெழுத்தோடு ஒரு தாள் இரு வீட்டிலும் இருந்தால் போதும். பிரிவது என்று முடிந்தால் அந்தத் தாள் போதாது. ஜமாஅத்தின் முத்திரை எவ்வளவு பெரிதாய்ப் பதிந்திருந்தாலும் வீவக அதிகாரி அதைப் பார்த்து வீட்டை மாற்றி எழுதமாட்டார். மத்திய சேமநிதிக் கழகமும் அதைப் பார்த்துப் பணத்தைப் பிரிக்காது. அவர்களுக்கு வேண்டியது கோர்ட்டுக் கட்டளை. ஆகவே வெளியே பேசி முடித்தாலும், முடித்ததை ஷரீஅத் கோர்ட்டில் வைத்து, இருவர் சம்மதத்தின் பேரில் கட்டளையாக்கிக்கொள்ள வேண்டும். கட்டளை ஆன பிறகு ஒருவர் கொடுக்காவிட்டால் குடும்ப நீதிமன்றத்தின் வழியாக அதை நிறைவேற்றிக்கொள்ள வழியுண்டு; வெறும் தாளுக்கு அந்த வழி இல்லை. கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்பது என்றால் சட்டத்துக்கு வெளியே தீர்ப்பது என்று நம்மவர் சிலர் நினைக்கிறார்கள். அந்த நினைப்பால் நஷ்டப்பட்டவர் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டே வெளியே வாடகைக்கு இருந்த ஆண்களும் உண்டு.

இத்தா என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதலாவது அல்லது இரண்டாவது தலாக் சொன்ன பிறகு, மூன்று மாதவிடாய்க் கணக்கு, அது இல்லாதவளுக்கு மூன்று மாதம், கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை என்று வைத்த காலம் வெறும் காத்திருப்பல்ல. அந்தக் காலம் முடியுமட்டும் புருஷன் மீட்டுக்கொள்ளலாம். அதுவரை அவளை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாதென்று சூரத்துத் தலாக்கின் முதல் வசனமே கண்டிப்பாய்ச் சொல்லுகிறது. ஒரே வீட்டில் இருந்தால் மனம் மாற இடமுண்டு. நம் பழக்கமோ தலாக் சொன்ன மறுநாளே டாக்சி பிடிப்பது. மனைவி கேட்டுப் பெறும் குலஉவில் மாத்திரம் இப்படி மீட்டுக்கொள்ளல் இல்லை. சேர வேண்டுமானால் புது நிக்காஹ்தான். ஆகையால் குலஉவுக்குச் சம்மதிக்குமுன் மத்தியஸ்தர் இதை இருவருக்கும் விளக்கிச் சொல்லுவது கடமை.

இவ்வளவும் சொன்னபின், எங்கே பஞ்சாயத்து கூடாது என்பதையும் சொல்லாவிட்டால் பாடம் குறைப்பட்டதாகும்.

அடி உதை உள்ள வீட்டில் இரு தரப்பையும் ஒரு பாயில் உட்காரவைத்துப் பேசுவது சமரசமல்ல. அடிபட்டவள் அடித்தவன் எதிரே உட்கார்ந்து உண்மை சொல்லமாட்டாள். அங்கே முதல் காரியம் குடும்ப நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை. அந்தச் சட்டம் சிங்கப்பூரில் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் மாதச் செலவு கொடுக்காதவன் மீதும், விவாகரத்தே கேட்காமல், குடும்ப நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். மூன்று மாதம் ஜீவனாம்சம் கொடுக்காதிருத்தல் ஷரீஅத் கோர்ட்டில் பஸ்கு கேட்கவும் காரணமாகும். இங்கே நடக்கும் திருமணங்களில் புருஷன் சொல்லும் தக்லீக் நிபந்தனையை அவன் மீறியிருந்தால் அதுவும் ஒரு வழி. நம் ஊர்த் தப்தரில் நடந்த நிக்காஹ்களில் பெரும்பாலும் அப்படி நிபந்தனை இராது. ஆகவே அதைத் தேடிக் காலத்தைப் போக்காமல் பஸ்கைப் பற்றிக் கேட்க வேண்டும். குடும்ப மானம் போய்விடும் என்று பெண்ணை அடங்கிப்போகச் சொல்லும் மத்தியஸ்தரை நாம் கண்டிருக்கிறோம். மானம் அடிக்கிறவன் கையால் போகிறதேயன்றி, புகார் சொல்லுகிறவள் வாயால் அல்ல.

ஊரில் மனைவி, இங்கே கடை என்று இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஒரு காலத்தில் இங்கிருந்து ஒரு கடிதத்தில் தலாக் எழுதித் தபாலில் போட்டால் ஊர் ஜமாஅத்து தப்தரில் குறித்துக்கொள்ளும். பெண் அதைத் தாங்கிக்கொள்ளுவாள். கடிதம் போய்த் தொலைபேசி வந்தது, இப்போது கைப்பேசிச் செய்தி வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் சட்டம் அவ்விடத்தில் நிற்கவில்லை. தலாக்குக்கு நியாயமான காரணம் வேண்டும், அதற்கு முன் இரு பக்கத்து மத்தியஸ்தரைக் கொண்டு சேர்த்துவைக்க முயன்றிருக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2002இல் ஷமீம் ஆரா வழக்கில் சொல்லிற்று. நாம் மேலே படித்த அதே வசனந்தான் அதற்கு அடிப்படை. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாதென்று அதே நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2019ஆம் வருஷச் சட்டம் அதை வாயால் சொன்னாலும், எழுதினாலும், மின்னணு வழியாய் அனுப்பினாலும் செல்லாதென்றும், மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமென்றும் ஆக்கிவிட்டது. அந்தச் சட்டத்தின் நோக்கத்தைப் பற்றி நம் மக்களுக்குள் பல அபிப்பிராயம் உண்டு. அதை வாதிக்க இது இடமல்ல. ஊருக்கு விமானம் ஏறுகிறவர் அப்படி ஒரு சட்டம் இருப்பதை அறிந்து ஏற வேண்டும்.

ஊர் ஜமாஅத்துகளின் அதிகாரமும் முன்போலில்லை. பள்ளிவாசலுக்குள் கோர்ட்டைப்போல் சபை நடத்துவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 டிசம்பரில் தடுத்தது. காஜி கொடுக்கும் தலாக் சான்று அவருடைய அபிப்பிராயமேயன்றிக் கோர்ட்டையோ அதிகாரிகளையோ கட்டுப்படுத்தாதென்று அடுத்த மாதமே சொல்லிற்று. குலஉவுக்கும் தனிச் சபைகளிடம் சான்று வாங்கினால் போதாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டுமென்று 2023இல் தீர்ப்பாயிற்று. இதனால் ஜமாஅத்து சேர்த்துவைக்கப் பேசக் கூடாதென்று அர்த்தமில்லை. பேசலாம், பேச வேண்டும். பிரித்துவிட்டோம் என்று காகிதம் கொடுப்பதுதான் அதற்கு உரிய வேலையல்ல. அந்தக் காகிதத்தை நம்பி இங்கே மறுமணம் பதியப் போகிறவர், பதிவு அலுவலகத்தில் நின்றுகொண்டு ஊருக்குத் தொலைபேசியில் பேசும்படி ஆகும்.

ஷரீஅத் கோர்ட்டின் சமரசப் பேச்சுக்குப் போகிறவர் எடுத்துப் போக வேண்டியவற்றைக் குறித்து முடிக்கிறோம். நிக்காஹ் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வீட்டுப் பத்திரமும் கடன் பாக்கிக் கணக்கும், சேமநிதிக் கணக்கு, கடையின் கடைசி இரண்டு மூன்று வருஷத்து வரவு செலவு, மஹரில் எவ்வளவு கொடுபட்டது எவ்வளவு நிலுவை என்பதற்கு ஏதேனும் எழுத்து, நகைக்கு ரசீது இருந்தால் ரசீது, இல்லையேல் எடைக் குறிப்பு. நிக்காஹ் ஊரில் நடந்திருந்தால் தப்தர் நகலைத் தமிழிலேயே கொண்டுபோய்ப் பயனில்லை. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றுபெற்று முதல் நாளே கையில் வைத்திருந்தால் ஒரு தவணை மிச்சமாகும்.